இணைய வரைபடமும் தெருப் படங்களும்: எப்படி வந்தன, ஏன் இப்படி இருக்கின்றன?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. கணினியிலும் கைப்பேசியிலும் நாள்தோறும் பார்க்கும் இணைய வரைபடங்கள் இன்றைய நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பது முதல் பகுதி. தெருவில் நின்று சுற்றிப் பார்ப்பதுபோல் காட்டும் படங்களை நிறுவனங்கள் இவ்வளவு செலவு செய்து எதற்காக எடுக்கின்றன, அவற்றில் ஒரு தெரு சென்ற ஆண்டுப் படமாகவும் அதை ஒட்டிய தெரு பத்தாண்டுப் பழைய படமாகவும் இருப்பது ஏன் என்பது இரண்டாம் பகுதி. தனித்தனியாகப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன்; ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மற்றொன்று விளங்காது.

இந்த வரலாற்றைத் திரையில் தெரிந்த மாற்றங்களின் வரிசையாகச் சொல்வதுதான் வழக்கம்: முதலில் அசையாத படம், பிறகு இழுத்தால் நகரும் படம், பிறகு செயற்கைக்கோள் படம், கடைசியில் தெருப் படம். அதில் தவறில்லை. ஆனால் முக்கியமான திருப்பங்கள் எல்லாம் திரைக்குப் பின்னால் நேர்ந்தன என்பது என் கணிப்பு. ‘இந்தத் தெரு இந்த இடத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று வரைபடம் செய்பவரைக் கேட்டால், அவர் சொல்லும் விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த விடையைத் தொடர்ந்து போனால், தெருப் படம் வரைபடத்துக்குச் சூட்டிய அலங்காரமா, வரைபடத்தைச் செய்யும் மூலப்பொருளா என்பதும் தெளிவாகிவிடும்.

கணினி வரைபடம் இணையத்தைவிட மூத்தது. 1960களில் கனடாவின் நிலவளங்களைக் கணக்கெடுக்க ராஜர் டாம்லின்சன் முன்னின்று உருவாக்கிய அமைப்பு, வரைபடத்தைப் படமாக வைக்காமல், கோடுகளும் பரப்புகளுமாகப் பிரித்துத் தரவாக வைத்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை அதே எண்ணத்தை வேறொரு தேவைக்காக நுணுக்கமாக்கியது. கணக்கெடுப்புப் படிவத்தை அஞ்சலில் அனுப்ப வேண்டுமானால், ஒவ்வொரு முகவரியும் எந்தக் கணக்கெடுப்புப் பகுதிக்குள் விழுகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்காக 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையொட்டி நகர்ப்பகுதிகளுக்கு ஒரு கோப்பும், 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்காக நாடு முழுவதற்கும் டைகர் என்ற தரவுத்தளமும் உருவாயின. அதில் தெருவின் ஒரு துண்டு என்பது இரு சந்திப்புகளை இணைக்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டின் இடப்புறம் 101 முதல் 199 வரை ஒற்றைப்படைக் கதவு எண்கள், வலப்புறம் 100 முதல் 198 வரை இரட்டைப்படைக் கதவு எண்கள் என்பதுபோல் எழுதி வைத்திருப்பார்கள். 150 என்ற எண்ணைத் தேடினால், கணினி அந்த வீட்டைத் தேடுவதில்லை. கோட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை வைத்துவிடுகிறது. தேடிய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வரைபடக் குறி நிற்பதைப் பார்த்து எரிச்சலடைந்தவர்களுக்கு விளக்கம் இதில் இருக்கிறது. அந்த வீட்டை யாரும் அளக்கவில்லை. எண்ணை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். டைகர் அரசுத் தரவு என்பதால் எவரும் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. பின்னால் வந்த வரைபட நிறுவனங்கள் பல அமெரிக்காவில் இதன் மேல் நின்றுதான் வளர்ந்தன.

கலிஃபோர்னியாவில் ஸ்டான் ஹனி தொடங்கிய ஈடாக் நிறுவனம், 1985இல் காருக்கான வழிகாட்டிக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜிபிஎஸ் பொதுமக்கள் கைக்கு எட்டாத காலம் அது. சக்கரம் எவ்வளவு சுழன்றது என்பதை உணர்விகளும், வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதைத் திசைகாட்டியும் சொல்ல, கருவி புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிட்டுக்கொண்டே வரும். அப்படிக் கணக்கிட்டால் சிறு பிழைகள் சேர்ந்து பெரும்பிழையாகும் அல்லவா? அதைத் திருத்த வரைபடத்தையே துணைக்கு அழைத்தார்கள். வண்டி சாலையில்தான் ஓடும், வீடுகளுக்குள் புகுந்து ஓடாது என்பதால், கணக்கிட்ட புள்ளி சாலையை விட்டு விலகும்போதெல்லாம் அதை அருகிலுள்ள சாலையோடு இழுத்துப் பொருத்திவிடும். பச்சைக் கோடுகள் மின்னும் சிறு திரையில் ஒரு முக்கோணம் அசையாமல் நிற்க, வரைபடம் அதைச் சுற்றித் திரும்பும். வரைபடத் தரவு கேசட்டுகளில் வந்தது. நகரின் இன்னொரு பகுதிக்குப் போனால் கேசட்டை மாற்ற வேண்டும். இன்றைய கைப்பேசியில் நீலப் புள்ளி சாலையோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறதே, அதுவும் இதே இழுத்துப் பொருத்தும் வேலைதான்.

தெருப் படத்தின் முன்னோடி அதைவிடவும் பழையது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ லிப்மன், மைக்கேல் நைமார்க் உள்ளிட்ட குழுவினர், கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பென் என்ற சிறு நகரைத் தெருத் தெருவாகப் படம் பிடித்தார்கள். காரின் கூரையில் நான்கு 16 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராக்கள் நான்கு திசைகளையும் நோக்கி இருந்தன. காரின் பின்னால் ஐந்தாவதாக ஓர் அளவுச் சக்கரம் உருண்டு வந்தது. அது 10 அடி கடந்ததும் நான்கு கேமராக்களும் ஒரு சட்டகத்தைப் பதிவு செய்யும். நிழல்கள் இடத்துக்கு இடம் மாறிக் கண்ணை உறுத்தக் கூடாது என்பதற்காகக் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டும் எடுத்தார்கள். எடுத்த படங்களை லேசர் வட்டில் ஏற்றினார்கள். திரையின் முன் அமர்ந்தவர் நேரே போகலாம், சந்திப்பில் இடமோ வலமோ திரும்பலாம், சில இடங்களில் பருவகாலத்தையும் மாற்றிப் பார்க்கலாம். இதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை. முன்பின் பார்த்திராத ஊருக்குள் நுழைய வேண்டிய வீரர்களுக்கு அந்த ஊரை முன்னதாகவே பழக்கப்படுத்தலாம் என்பது நோக்கம். கூரைக் கேமரா, தூரத்தை அளக்கும் சக்கரம், சந்திப்பில் திரும்பும் வசதி, பருவம் மாற்றும் வசதி என்று எதுவும் பின்னாளில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. சேமிக்க மலிவான இடமும், அதைப் பார்க்கிறவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் இணைப்பும் மட்டுமே அன்று இல்லாதவை.

இணையத்தில் முதலில் பலரும் பார்த்த வரைபடப் பக்கங்களில் ஒன்று, 1993இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஸ்டீவ் புட்ஸ் உருவாக்கியது. ஓரிடத்தை அழுத்தினால், சர்வர் அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு படம் வரைந்து அனுப்பும். 1996 பிப்ரவரியில் வந்த மேப்குவெஸ்ட் வழி சொல்லும் வசதியோடு இதைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசேர்த்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை. அரை அங்குலம் நகர வேண்டுமானாலும் ஓர் அம்புக்குறியை அழுத்தி, பக்கம் முழுவதும் வெறுமையாகி மீண்டும் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து வரைபடத்தைப் பெரும்பாலோர் திரையில் பார்த்ததோடு விடாமல் தாளில் அச்சிட்டு எடுத்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

2005 பிப்ரவரி 8 அன்று வெளியான கூகுள் மேப்ஸ் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. அதன் வேர், சிட்னியில் லார்ஸ், ஜென்ஸ் என்ற ராஸ்முசன் சகோதரர்களும் நோயல் கார்டன், ஸ்டீபன் மா ஆகியோரும் நடத்திய சிறு நிறுவனம். கணினியில் நிறுவும் மென்பொருளாக அவர்கள் எழுதியிருந்ததைக் கூகுள் 2004இல் வாங்கி உலாவிக்குள் ஓடும்படி மாற்ற வைத்தது. தந்திரம் எளியது. உலகம் முழுவதையும் முன்கூட்டியே வரைந்து, 256 பிக்சல் அகலமும் 256 பிக்சல் உயரமும் கொண்ட சதுர டைல்களாக வெட்டி வைத்துவிடுவது. மிக விலகிய நிலையில் உலகம் முழுவதும் ஒரே டைலில் அடங்கும். ஒரு படி நெருங்கினால் அது நான்காகும், அடுத்த படியில் பதினாறாகும். 18ஆம் படிக்கு வரும்போது ஒரு பக்கத்துக்கு 2,62,144 டைல்கள், மொத்தம் 6,800 கோடிக்கும் மேல். நிலநடுக்கோட்டருகே ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டரைக் குறிக்கும். நீங்கள் வரைபடத்தை இழுக்கும்போது, திரையின் ஓரத்தில் புதிதாகத் தேவைப்படும் டைல்களை மட்டும் உலாவி பின்னணியில் கேட்டு வாங்குகிறது. இணைப்பு மெதுவாக இருந்தால் சாம்பல் நிறச் சதுரங்கள் ஒவ்வொன்றாக நிரம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு நகரின் ஒரு டைல் அதைக் கேட்கும் அனைவருக்கும் ஒன்றே. ஒருமுறை வரைந்ததைக் கோடிமுறை பரிமாறலாம். வேகமும் சிக்கனமும் இங்கிருந்துதான் வந்தன. நியாயமாகச் சொன்னால், படங்களைப் படிநிலைகளாக அடுக்கி டைல்களாக வெட்டிப் பரிமாறுவதை, ஜிம் கிரே குழுவினர் 1998இல் மைக்ரோசாஃப்டின் டெராசர்வர் மூலம் வான்படங்களுக்குச் செய்து காட்டியிருந்தார்கள். இழுத்தால் நகரும் மென்மைதான் 2005இல் புதிது.

இந்த டைல் முறையின் பக்கவிளைவு ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். உலகம் ஒரு சதுரமாக மடங்க வேண்டும் என்பதற்காகவும், எந்தப் படியில் பார்த்தாலும் தெருச் சந்திப்பின் கோணம் சிதையக் கூடாது என்பதற்காகவும், உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்க 1569இல் மெர்கேட்டர் மாலுமிகளுக்காக வகுத்த முறையை எடுத்துக்கொண்டு, துருவங்களை அட்சரேகை 85 பாகைக்குச் சற்று மேலே வெட்டிவிட்டார்கள். தெருவைப் பார்ப்பவருக்கு இதனால் நன்மைதான். உலகத்தைப் பார்ப்பவருக்கோ, ஏறக்குறைய 14 கிரீன்லாந்துகள் அடங்கும் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தின் அளவாகவே தெரிகிறது. 2018இல் கூகுள் தன் கணினிப் பதிப்பில், மிக விலகிய நிலையில் உருண்டையையே காட்டத் தொடங்கியது. டைல்களும் பின்னர் மாறின. 2010இன் இறுதியிலிருந்து ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குப் படத்துக்குப் பதிலாகக் கோடுகளும் பெயர்களும் தரவாகவே அனுப்பப்பட்டன. வரைவது கைப்பேசியின் வேலையாயிற்று. வரைபடத்தைத் திருப்பினாலும் ஊர்ப்பெயர்கள் தலைகீழாகாமல் நிமிர்ந்து நிற்பது அதனால்தான்.

மேலிருந்து பார்க்கும் படங்களின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பூமியை உருண்டையாகத் திரையில் காட்டும் மென்பொருளைச் செய்த கீஹோல் என்ற நிறுவனம், தன் பெயரையே அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டது. 2003 ஈராக் போரின்போது தொலைக்காட்சிச் செய்திகளில் அதன் உருண்டைப் படம் காட்டப்பட்டதால் பெயர் பெற்றது. 2004இல் கூகுள் அதை வாங்கி, 2005 ஜூனில் கூகுள் எர்த் என்று வெளியிட்டது. எல்லோரும் அதைச் ‘செயற்கைக்கோள் படம்’ என்கிறார்கள். ஆனால் நகரங்களின் கூரை ஓடு வரை தெளிவாகத் தெரியும் படங்களில் பெரும்பகுதி விமானத்திலிருந்து எடுத்தவை. அது ஒரே நாளில் எடுத்த படமும் இல்லை. மேகமில்லாத துண்டுகளாகப் பொறுக்கித் தைத்த ஒட்டுப்போர்வை அது.

இனி நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். 2005இல் கூகுள் மேப்ஸ் வெளிவந்தபோது அதன் தெருக் கோடுகள் கூகுளுக்குச் சொந்தமில்லை. நாவ்டெக், டெலி அட்லஸ் என்ற இரு நிறுவனங்களே அன்று உலகின் பெரும்பாலான சாலைத் தரவை வைத்திருந்தன. ஈடாக்கின் கேசட் வரைபடங்களின் வாரிசுரிமையும் பல கைகள் மாறி டெலி அட்லஸிடம்தான் வந்து சேர்ந்திருந்தது. அவை ஆட்களைக் காரில் அனுப்பி, எந்தத் தெரு ஒருவழி, எங்கே இடப்புறம் திரும்பக் கூடாது என்று குறித்துவரச் செய்து, அந்தத் தரவை உரிமக் கட்டணத்துக்கு வழங்கின. 2007-08இல் நோக்கியா நாவ்டெக்கை ஏறக்குறைய 810 கோடி டாலருக்கும், வழிகாட்டிக் கருவிகளை விற்ற டாம்டாம் டெலி அட்லஸை ஏறக்குறைய 290 கோடி யூரோவுக்கும் வாங்கின. தரவை விற்றுக்கொண்டிருந்தவர்கள் இருவரும் போட்டியாளர்கள் கைக்குள் போய்விட்டார்கள். கூகுளின் முன் இருந்த வழி, தானே அளப்பது. அமெரிக்காவில் 2009 அக்டோபரில் டெலி அட்லஸின் தரவு விலக்கப்பட்டு, கூகுள் தானே தொகுத்த வரைபடம் அந்த இடத்துக்கு வந்தது. அதே மாத இறுதியில், திருப்பத்துக்குத் திருப்பம் குரலில் வழி சொல்லும் வசதியும் கைப்பேசியில் கட்டணமின்றி வந்தது. தனிக் கருவியாக வழிகாட்டியை விற்ற நிறுவனங்களின் பங்கு விலை உடனே சரிந்தது.

அந்தச் சொந்த அளவைக்கு வேண்டிய கண்கள் அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. கூகுளின் தெருப் படச் சேவையான ஸ்ட்ரீட் வியூ 2007 மே 25 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க், லாஸ் வேகாஸ், மயாமி, டென்வர் ஆகிய ஐந்து நகரங்களோடு தொடங்கியிருந்தது. அமேசானின் துணை நிறுவனம் 2005லேயே கடை முகப்புகளைத் தெருவிலிருந்து படம் பிடித்துத் தன் தேடலில் இணைத்து, அடுத்த ஆண்டே கைவிட்டிருந்தது; வணிகப் பட்டியலுக்கு ஒட்டிய படமாக மட்டும் வைத்துக்கொண்டால் அதன் செலவைத் தாங்க இயலாது என்பது என் ஊகம். கூகுளுக்கு அந்தப் படங்களிலிருந்து வேறு விளைச்சல் கிடைத்தது. தெருப் பெயர்ப் பலகை, கதவு எண், ‘நுழையாதே’ குறி, வேக வரம்பு, திருப்பத் தடை என்று வரைபடக்காரர் நேரில் போய்க் குறிக்க வேண்டியவை அனைத்தும் படத்தில் இருந்தன. முதலில் ஆட்கள் திரையின் முன் அமர்ந்து அவற்றைப் பார்த்துத் தரவைத் திருத்தினார்கள். பிறகு கணினியே வாசிக்கக் கற்றது. 2012 வாக்கில் சில இணையதளங்களில் ‘நீங்கள் மனிதர்தானா?’ என்று சோதிக்கும் பெட்டியில் மங்கலான கதவு எண் படம் வந்தது நினைவிருக்கலாம். நீங்கள் தட்டச்சிட்ட எண், யாரோ ஒருவர் வீட்டின் முகவரிக் குறியைச் சரியான வாசலில் நிறுத்த உதவியது. முன்பு கோட்டின் நடுவில் கணக்குப் போட்டு வைத்த புள்ளியை வாசலுக்கே கொண்டுபோன வேலை இது.

ஆக, நீங்கள் கேட்ட ‘எதற்காக’ என்பதற்கு விடை: நீங்கள் பார்ப்பதற்காக என்பது அதில் ஒரு பங்குதான், மென்பொருள் பார்ப்பதற்காக என்பது பெரும்பங்கு.

படம் எப்படி உருவாகிறது என்பதையும் அருகில் போய்ப் பார்க்கலாம். காரின் கூரைக் கம்பத்தின் உச்சியில் பல லென்சுகள் ஒரு பந்தைச் சுற்றி வைத்ததுபோல் எல்லாத் திசைகளையும் நோக்குகின்றன. ஒரே கணத்தில் அவை எடுத்த படங்களை விளிம்போடு விளிம்பு பொருத்தித் தைத்தால் ஒரு முழுச் சுற்றுப் படம் கிடைக்கும். எல்லா லென்சுகளும் ஒரே புள்ளியில் இருக்க முடியாதே. சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். தொலைவில் உள்ள கட்டடத்துக்கு அது பொருட்டில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரை இரு லென்சுகள் சற்றே வேறுபட்ட கோணத்தில் பார்க்கும்போது தையல் பிசகும். பாதியில் துண்டான விளக்குக் கம்பம், மூன்று கால் நாய், உடலில்லாமல் நடக்கும் கால்கள் என்று இணையத்தில் சுற்றிவரும் விந்தைப் படங்கள் பலவும் இந்தத் தையல் பிசகுதான். பேயும் இல்லை, மாயமும் இல்லை. இடத்தைக் குறிக்க ஜிபிஎஸ் மட்டும் போதாது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அதன் அலைகள் சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால் கணக்குப் பிழைக்கும். எனவே சக்கரச் சுழற்சியையும், வண்டியின் சாய்வையும் திருப்பத்தையும் உணரும் கருவிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆஸ்பெனின் ஐந்தாவது சக்கரம் இன்னமும் ஓய்வு பெறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசர் கருவிகள் சுவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை அளந்துவிடுவதால், படம் தட்டையான காட்சியாக நின்றுவிடாமல் அளக்கத்தக்க இடமாகிறது.

கார் போகாத இடங்களுக்கு மூன்று சக்கர மிதிவண்டி, பனிவண்டி, முதுகில் சுமக்கும் கேமரா ஆகியவை வந்தன. 2012இல் அந்த முதுகுச் சுமையோடு கிராண்ட் கேன்யனுக்குள் நடந்தார்கள். 2016இல் ஃபாரோ தீவுகளில், தங்கள் ஊருக்குக் கூகுள் வரவில்லை என்ற குறையைச் சொல்ல, ஆடுகளின் முதுகில் கேமராவைக் கட்டி மேயவிட்டுப் படம் எடுத்தார்கள். கூகுள் வந்து சேர்ந்தது.

தெருவில் எல்லாவற்றையும் எடுத்தால், எடுக்கக் கூடாததும் உடன் வரும். முகங்களையும் வண்டிப் பதிவெண்களையும் தானியங்கியாக மங்கலாக்குவது 2008இல் தொடங்கியது. மென்பொருள் சந்தேகம் வந்தால் மங்கலாக்கிவிடு என்ற பக்கமே சாய்ந்திருப்பதால், சிலை முகமும் விளம்பரப் பலகை முகமும் மங்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆற்றங்கரையில் நின்ற மாட்டின் முகத்தைக்கூட அது காப்பாற்றியது 2016இல் செய்தியானது. ஜப்பானில் மதிலுக்கு மேலாக வீட்டுக்குள் தெரிகிறது என்ற முறையீட்டால், 2009இல் கேமராவை 40 சென்டிமீட்டர் தாழ்த்தி மீண்டும் எடுக்க நேர்ந்தது. இவையெல்லாம் திருத்தக்கூடியவை. 2010இல் வெளிவந்ததுதான் கனமானது. கைப்பேசிகள் வீட்டுக்குள்ளும் தம் இடத்தை அறிய உதவும் என்று, கார்கள் வழியிலுள்ள வைஃபை இணைப்புகளின் அடையாளங்களையும் பதிவு செய்துகொண்டே போயின. அத்தோடு நில்லாமல், பூட்டில்லாத இணைப்புகளில் அப்போது பறந்துகொண்டிருந்த தகவல்களின் துண்டுகளும் சேகரிக்கப்பட்டிருந்தன. பல நாடுகளில் விசாரணை நடந்தது. 2013இல் அமெரிக்காவின் 38 மாநிலங்களோடு 70 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. அந்தக் கசப்பு மிகுந்திருந்த ஜெர்மனியில், 2010இல் இருபது நகரங்களின் படங்கள் வெளியாகுமுன் ஏறக்குறைய 2,44,000 வீட்டார் தங்கள் வீட்டை மறைக்கக் கேட்டார்கள். வீதியின் நடுவே முழு வீடும் பனிமூட்டமாகத் தெரிந்தது. மறு ஆண்டே அங்கே புதிய படங்கள் நிறுத்தப்பட்டன; 2023இல்தான் மீண்டும் வந்தன. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் அந்நாட்டு நகரங்கள் ஸ்ட்ரீட் வியூவில் மூப்பில்லாமல் இருந்தன.

தெருவுக்குத் தெரு படத்தின் வயது ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு இது ஒரு விடை. சட்டமும் எதிர்ப்பும் படத்தின் வயதைத் தீர்மானிக்கின்றன. மற்றக் காரணங்கள் இவ்வளவு பரபரப்பானவை இல்லை. 2019இன் இறுதியில் கூகுள் தெரிவித்த கணக்குப்படி, அதுவரை எடுத்த தெருப் படங்களின் நீளம் 1 கோடி மைலுக்கு மேல். அதை ஆண்டுதோறும் திரும்ப ஓட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. எனவே புதுச் சாலைகள், கடைகள் மாறிக்கொண்டே இருக்கும் வணிக வீதிகள், அதிகம் தேடப்படும் இடங்கள் ஆகியவற்றுக்கு முன்னுரிமை. முட்டுச்சந்துக்குக் கடைசி இடம். மழையிலும் பனியிலும் கேமரா எடுக்காது. கதிரவன் மிகத் தாழ்ந்திருக்கும் மாதங்களில் நிழல் பாதித் தெருவை விழுங்கிவிடும். ஆகவே பல ஊர்களுக்கு ஆண்டில் எடுக்கத்தக்க நாட்களே குறைவு. இதோடு தையல் ஒன்றும் இருக்கிறது. பெரிய சாலையில் ஒருமுறையும் அதைக் குறுக்கே வெட்டும் சிறு தெருவில் வேறொரு முறையும் கார் போயிருக்கும். சந்திப்பில் நின்று அம்பை ஒரு முறை அழுத்தினால் நேரம் தாண்டிவிடுகிறது: இலையுதிர்ந்து நின்ற மரம் சட்டென்று தழைத்து நிற்கிறது, எதிரில் கட்டி முடித்து ஆள் குடியேறிய கட்டடம் வெறும் பள்ளமாகிறது, அந்தப் பள்ளத்தைச் சுற்றித் தகர வேலி. ஒரே திரையில் சாலைக் கோட்டுக்கு ஒரு தேதி, வான்படத்துக்கு ஒரு தேதி, தெருப் படத்துக்கு ஒரு தேதி. நான் எந்தத் தெருப் படத்தைத் திறந்தாலும் முதலில் தேடுவது அதன் ஓரத்தில் சிறு எழுத்தில் உள்ள மாதத்தையும் ஆண்டையும்தான். 2014 முதல், பழைய படங்களையும் ஆண்டுவாரியாகப் புரட்டிப் பார்க்கும் வசதி வந்திருப்பதால், ‘பழசு’ என்று நாம் குறைப்பட்டது ஆவணமாகவும் ஆகிவிட்டது.

ஒரு நிறுவனத்தின் கார் வரும் வரை காத்திருக்க விரும்பாதவர்களும் உண்டு. 2000 மே மாதத்தில் அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியதும், கையடக்கக் கருவியே நல்ல அளவுகோலாகிவிட்டது. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், தன்னார்வலர்கள் அந்தக் கருவியோடு நடந்தும் மிதிவண்டியில் சுற்றியும் தெருக்களைப் பதிந்தார்கள். 2010 ஜனவரியில் ஹெய்தியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அதன் தலைநகருக்கு இணையத்தில் உருப்படியான வரைபடமே இல்லை. புதிதாக எடுத்த வான்படங்களை நிறுவனங்கள் திறந்துவிட, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் அதைப் பார்த்துச் சில நாட்களில் தெருக்களையும், இடிந்த கட்டடங்களையும், தற்காலிக முகாம்களையும் வரைந்து முடித்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை ஏந்திச் சென்றன. தெருப் படத்தில் அதே வேலையை 2013இல் சுவீடனில் தொடங்கிய மாப்பில்லரி செய்தது. எவரும் கைப்பேசியை வண்டியில் பொருத்தி எடுத்துப் பதிவேற்றலாம். பல படங்களில் பொதுவாகத் தெரியும் புள்ளிகளை ஒப்பிட்டு, கேமரா எங்கே நின்றது, சாலைக்குறி எங்கே இருக்கிறது என்று மென்பொருள் கணித்துவிடும். 2020இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. ஃபிரான்சில் தேசிய வரைபட நிறுவனமும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்களும் சேர்ந்து பனோராமாக்ஸ் என்ற பொதுத் தொகுப்பை நடத்துகிறார்கள்.

அளப்பவர்களின் வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர் பயனரே. நெரிசலைக் காட்டும் சிவப்புக் கோடு, அந்தச் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் கைப்பேசிகள் அனுப்பிய வேகத்திலிருந்து வருகிறது. 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் பெர்லினில் 99 கைப்பேசிகளை ஒரு சிறு இழுவண்டியில் போட்டு, காலியாகக் கிடந்த வீதியில் மெல்ல இழுத்து நடந்து காட்டினார். வரைபடத்தில் அந்த வீதி சிவந்துபோனது.

தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்காதபோது என்ன நேரும் என்பதற்கு 2012ஆம் ஆண்டே போதிய சான்று. ஆப்பிள் அவ்வாண்டு செப்டம்பரில் வெளியிட்ட தன் சொந்த வரைபடம், ஆஸ்திரேலியாவின் மில்டுரா நகரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி, தண்ணீரில்லாத தேசியப் பூங்காவின் நடுவே காட்டியது. அதை நம்பிச் சென்று சிக்கிக்கொண்ட ஓட்டுநர்களை மீட்ட காவல்துறை பொதுமக்களை எச்சரித்தது. நவம்பரில், பவளக்கடலில் சாண்டி தீவு என்று வரைபடங்களில் இருந்த இடத்துக்கு ஆய்வுக் கப்பல் ஒன்று போய்ப் பார்த்தபோது, ஆழ்கடல் மட்டுமே இருந்தது. பழைய கடல் வரைபடத்தின் பிழை ஒரு தரவுத்தொகுப்பிலிருந்து அடுத்ததற்கு நகலாகி, இணைய வரைபடம் வரை வந்து சேர்ந்திருந்தது. யாரோ போய்ப் பார்க்கும் வரை அந்தத் தீவு இருந்தது.

அதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஜப்பானின் ஃபுகுஷிமா மாவட்டத்தில் நமியே என்ற நகரத்து மக்கள், 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். போய்ப் பார்க்க அனுமதி இல்லை. நகரத் தலைவரின் அழைப்பின்பேரில் கூகுளின் கார் உள்ளே சென்று படம் எடுக்க, 2013 மார்ச்சில் அது வெளியாயிற்று. ஆளரவமற்ற வீதிகள், இடிந்து சாய்ந்த கட்டடங்கள், இரண்டாண்டுகளாக யாரும் அள்ளாத சிதைவுகள். வேறிடங்களில் குடியிருந்த அந்நகரத்தார் தங்கள் தெருவின் பெயரைத் தட்டச்சிட்டு, அம்பை ஒவ்வொன்றாக அழுத்தித் தங்கள் வீட்டு வாசல் வரை போக முடிந்தது.